கடைமடைக்கு வந்த ஒளி

காரைக்காலில் பல வீட்டுச் சமையலறைகளில் சிங்க்குக்கு மேலே சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் வீட்டில் அதற்குப் பெயர் அக்வாகார்டுதான். மூடியைக் கழற்றினால் எவர்சில்வர் உருளை ஒன்று தெரியும். அதற்குள் நீளமான குவார்ட்ஸ் கண்ணாடி உறை. உறைக்குள் ஒரு முழம்கூட வராத மெல்லிய குழல் விளக்கு, பெரும்பாலும் 11 வாட். குழாயைத் திறந்ததும் தண்ணீர் அந்த உறையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. சில நொடிதான். அதற்குள் காலராக் கிருமியும் டைஃபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் பெருகும் சக்தியை இழந்துவிடுகின்றன. தண்ணீரில் வாடை ஏறுவதில்லை, ருசி மாறுவதில்லை, சூடும் ஆவதில்லை.

இந்தச் சின்ன விளக்கு ஒரு ஜெர்மன் ஊரில் கருவாகி, பிரான்சின் துறைமுக நகரம் ஒன்றில் முதல் வேலைக்குச் சேர்ந்து, அங்கே தோற்று, பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்து, பிறகு இந்தியச் சமையலறைகளுக்கும் சிங்கப்பூரின் நீர் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது. இப்போது விண்வெளிப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. போன இடத்திலெல்லாம் ஒரே பலமும் ஒரே பலவீனமும் அதனுடன் போயின. தன்னைக் கடக்கும் நீரைச் சுத்தமாக்கும். கடந்துபோன நீருக்குக் காவலாகக் கூடப் போகாது. காவிரியின் கடைமடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொள்வது பலத்தைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம்.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் இருப்பதைக் கண்டார். அந்தச் செய்தி யேனா நகரில் இருந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டரை எட்டியது. மருந்துக்கடைத் தொழில் பழகி வந்தவர், வயது 24. ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஒளி பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடைத் தாளில் தடவி நிறங்களின் மேல் வைத்துப் பார்த்தார். 1801-ல், ஊதாவுக்கு அப்பால் எதுவுமே தெரியாத இருட்டுப் பகுதியில் அந்தத் தாள் வேகமாகக் கறுத்தது. அதுதான் புற ஊதாக்கதிர். தன் உடலையே சோதனைக்கூடமாக்கி மின்சாரம் பாய்ச்சிக்கொண்ட ரிட்டர், 33 வயதில் இறந்துபோனார். தான் கண்ட கதிர் கிருமியைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியாது. நோய்க்குக் காரணம் கிருமி என்பதே அப்போது உலகத்துக்குத் தெரியாது.

ஒளி கிருமியைக் கொல்லும் என்பது தெரிய 1877 வரை ஆயிற்று. ஆர்தர் டௌன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கிருமி வளரும் கரைசலைச் சோதனைக்குழாய்களில் ஊற்றி, சிலவற்றை வெயிலில் வைத்தார்கள். சிலவற்றை ஒளி புகாமல் மூடிப் பக்கத்திலேயே வைத்தார்கள். மூடிய குழாய்கள் சில நாளில் கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. சூடு இதைச் செய்யவில்லை, ஒளிதான் செய்தது, அதிலும் நீல, ஊதாப் பக்கத்துக் கதிர்களுக்கே வலிமை அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சமையலறை விளக்கு தரும் ஒளியும் நம் முற்றத்து வெயிலும் ஒன்றல்ல. சூரியனிலிருந்து புறப்படும் புற ஊதாவில் மிகக் கூர்மையான பகுதியை வானத்து ஓசோன் படலம் முழுக்கத் தடுத்துவிடுகிறது. சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள அலைநீளங்கள் தரைக்கு வருவதே இல்லை. வந்திருந்தால் தரையில் உயிர் தழைத்திருக்காது. ஆகவே கிருமியைச் சில நொடியில் முடக்கும் 254 நானோமீட்டர் ஒளி மனிதன் செய்தால்தான் பூமியில் உண்டு. விண்கலத்தின் சுவருக்கு வெளியே அது கொட்டிக் கிடக்கிறது.

அதைச் செய்யும் கருவி பாதரசத்திலிருந்து வந்தது. 1901-ல் நியூயார்க்கில் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். குறைந்த அழுத்தத்தில் பாதரச ஆவிக்குள் மின்சாரம் பாய்ந்தால் அது உமிழும் ஒளியில் பெரும்பங்கு 253.7 நானோமீட்டரில் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதை வெளியே விடாது. ஜெர்மனியில் ஹனாவ் நகரத்து ஹெரேயஸ் தொழிற்சாலையில் ரிச்சர்ட் க்யூஹ் குவார்ட்ஸை உருக்கிக் குழலாக்கியபோதுதான் அந்த ஒளி வெளியே வர வழி கிடைத்தது. நம் வீட்டு டியூப்லைட்டும் இந்த விளக்கும் உடன்பிறப்புகள். இரண்டிலும் எரிவது பாதரச ஆவிதான். டியூப்லைட்டின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி புற ஊதாவை உறிஞ்சி நமக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருகிறது. பொடியை நீக்கி, கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸ் போட்டால் கிருமிநாசினி விளக்கு.

1910-ல் பிரான்சின் மர்சேய் நகரில் இந்த விளக்கு குடிநீர் வேலைக்குச் சேர்ந்தது. நகரத்தின் குடிநீரைப் புற ஊதாவால் சுத்தம் செய்யும் முயற்சிகளில் உலகிலேயே முன்னோடி அதுதான். அந்த ஆண்டு காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர், 1954 நவம்பர் 1-ல்தான் அவர்கள் கையைவிட்டுப் போனது. ஒரே ஆட்சி. அங்கே குவார்ட்ஸ் விளக்கு, இங்கே குளத்து நீரும் கிணற்று நீரும். அறிவியல் ஒரு துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அதே ஆட்சியின் இன்னொரு துறைமுகத்தில் காலரா மக்களை அள்ளிக்கொண்டு போனது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

மர்சேயில் விளக்கு நீண்ட நாள் நிலைக்கவில்லை. மின்சாரம் அடிக்கடி நின்றது, விளக்குகள் சீக்கிரம் பழுதாயின, குவார்ட்ஸ் விலை அதிகம். மர்சேயில் விளக்கு வேலைக்குச் சேர இரண்டு வருடம் முன்பே, 1908-ல், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கிவிட்டது. குளோரின் மலிவு. அதைவிட முக்கியமாக, குளோரின் தண்ணீரோடு கூடவே பயணம் செய்தது. ஆலையில் கலந்த மருந்து பத்து மைல் தாண்டி ஒரு வீட்டுக் குழாயில் விழும்போதும் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வழியில் ஒரு விரிசலில் சாக்கடை கசிந்து உள்ளே வந்தால் அந்த மிச்சம் அதை எதிர்கொண்டது. விளக்கால் அது முடியாது. ஒளி தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நகரங்கள் குளோரினைத் தேர்ந்தெடுத்தன. அது சரியான தேர்வு என்றே நான் நினைக்கிறேன்.

விளக்கு ஒதுங்கியிருந்த காலத்தில்தான் அது எப்படிக் கொல்கிறது என்பது புரிந்தது. 1930 வாக்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் கேட்ஸ் ஒவ்வொரு அலைநீளமாகக் கிருமிமேல் பாய்ச்சிப் பார்த்து, 265 நானோமீட்டரை ஒட்டி அடி பலமாக விழுகிறது என்று கண்டார். நியூக்ளிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் அளவும் அங்கேதான் உச்சம். டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று நிறுவப்படுவதற்கு முன்பே ஒளி அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 1960-ல் நெதர்லாந்தில் போய்க்கர்ஸ், பெரென்ட்ஸ் இருவரும் மிச்சத்தைச் சொன்னார்கள். டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களை இந்த ஒளி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய இடத்தில் இழையைப் படியெடுக்க முடியாது. கிருமி உடனே சாவதில்லை. ஆனால் இரண்டாகப் பிரிய முடியாது. பிரிய முடியாத கிருமியால் வயிற்றுக்குள் நோயை உண்டாக்கவும் முடியாது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. 1949-ல் ஆல்பர்ட் கெல்னர், புற ஊதா பட்டு முடங்கிய கிருமிகள் சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் மீண்டு எழுவதைக் கண்டார். அவற்றிடம் ஒட்டைப் பிரித்துச் சரிசெய்யும் நொதி ஒன்று இருக்கிறது. அது வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். அடி போதாமல் விட்டால், பிறகு அந்த நீரை ஜன்னலோரம் கண்ணாடிப் பாத்திரத்தில் நாள்முழுக்க வைத்தால், சில கிருமிகள் எழுந்துகொள்ளும். ஆகவே அளவு முக்கியம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது குடிநீருக்கு உலகம் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. சில பிடிவாதமான வைரஸ்களுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும்.

விளக்கை மறுபடி மேடையேற்றியது குளோரினின் தோல்வி ஒன்று. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புகுந்து சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. தடித்த ஓட்டுக்குள் இருக்கும் அதைக் குளோரின் ஒன்றும் செய்வதில்லை. சில ஆண்டுகளில், மிகக் குறைந்த புற ஊதாவே அதை முடக்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டின. 2013-ல் நியூயார்க் நகரம் நாளொன்றுக்குச் சுமார் 750 கோடி லிட்டர் நீரைப் புற ஊதாவால் சுத்திகரிக்கும் ஆலையைத் திறந்தது. அங்கே விளக்குக்குப் பிறகும் குளோரின் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கு கொல்கிறது, குளோரின் காவல் போகிறது.

இந்தியாவுக்குள் விளக்கு சமையலறை வழியாக வந்தது. 1984-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் அக்வாகார்டை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-7-க்குப் போனார். பயணிகளின் மூச்சிலும் வியர்வையிலும் வந்த ஈரத்தைப் பிடித்துக் குடிநீராக்கும் முறை சோவியத் நிலையங்களில் 1975-லேயே, சல்யூட்-4 காலத்திலேயே, தொடங்கிவிட்டது. 1984-ல் சமையலறை விளக்கும் விண்வெளிக் குடிநீரும் என்ற இந்த இரண்டு சங்கதிகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன.

1992 கடைசியில் சென்னையில் ஒரு புதிய காலரா தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலராவெல்லாம் ஓ-1 வகை, இது ஓ-139. பழைய காலராவுக்கு எதிர்ப்பு பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. சென்னையிலிருந்து வங்காளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த, மும்பையில் பிறந்த இயற்பியலாளர் அசோக் காட்கில் அந்தச் செய்தியால் உலுக்கப்பட்டு, ஏழைக் கிராமத்துக்கு ஏற்ற விளக்குக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அவருடைய யோசனை எளிமையானது. விளக்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாமல் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். நீர் அதற்குக் கீழே ஆழமில்லாமல் தவழ்ந்து போகும். உறை இல்லை, ஆகவே உறையில் உப்பு படிவதும் இல்லை. பம்ப்பும் வேண்டாம். 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒரு சிற்றூருக்கு அது போதும்.

கழிவுநீரையே குடிநீராக்கும் பெரிய சோதனையில் விளக்கு சேர்ந்தது சிங்கப்பூரில். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் அந்த ஊரில் அப்படிச் சுத்திகரித்த நீருக்கு நியூவாட்டர், தமிழில் புதுநீர் என்று பெயர். 2002 ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங்கும் அரங்கில் இருந்த பல்லாயிரம் பேரும் அந்த நீரைக் குடித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆலைகள் முறையாகத் தொடங்கின. கழிவுநீர் முதலில் நுண்துளைச் சவ்வு வழியாகவும் பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாகவும் புகுந்து, கடைசியில் புற ஊதா விளக்கைக் கடக்கிறது. இந்த வரிசையைக் கூர்ந்து கவனிக்கச் சொல்வேன். விளக்கு இங்கே வடிகட்டும் சவ்வுகளுக்குப் பிறகுதான் நிற்கிறது. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. ஒரு துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். தெளிந்த நீர்தான் விளக்குக்குத் தர வேண்டிய நீர்.

இப்போது வானத்துக்குப் போவோம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ராக்கெட்டில் ஏற்றிய எடை. 2008 நவம்பரில் எண்டவர் விண்ணோடம் சுமந்து சென்ற நீர் மீட்பு அமைப்பு அந்தச் சுமையைக் குறைத்தது. சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாம் ஒன்றுசேர்ந்து மறுபடி குடிநீராகின்றன. சிறுநீரை அமிலமும் குரோமியச் சேர்மமும் கலந்து கெட்டுப்போகாமல் வைக்கிறார்கள். எடையில்லாத இடத்தில் நீர் அடியில் தங்காது என்பதால் சுழலும் டிரம்முக்குள் அதைச் சுவரோடு ஒட்டவைத்து, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். பிறகு வடிகட்டிகள், அயனிப் பரிமாற்றப் படுக்கைகள், 130 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஆக்சிஜனோடு மிச்சக் கரிமப்பொருளை எரிக்கும் உலை. கடைசியில் அயோடின். 2009 மே மாதம் நிலையத்தில் இருந்தவர்கள் இந்த நீரை முதன்முதலாகக் குடித்தார்கள். 2023-ல், சேரும் நீரில் 98 சதவீதத்தை மீட்க முடிகிறது என்று நாசா அறிவித்தது. 2025-ல் நம் சுபான்ஷு சுக்லா 18 நாள் தங்கியது இந்த நிலையத்தில்தான்.

இவ்வளவு காய்ச்சி வடித்த பிறகும் அந்தக் குடிநீரில் ரால்ஸ்டோனியா, பர்க்ஹோல்டேரியா முதலிய கிருமிகள் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. சத்தே இல்லாத நீரிலும் பிழைக்கத் தெரிந்தவை அவை. குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு வளரும். கழிவுநீர்ப் பக்கத்தில் இப்படி வளர்ந்த படலம் வால்வையே அடைத்த சம்பவமும் உண்டு.

அயோடின் நல்ல காவல்தான். ஆனால் தினமும் குடித்தால் தைராய்டுக்குக் கேடு. ஆகவே குடிக்கும் குழாய்க்குச் சற்று முன்னால் அதை நீக்கிவிடுகிறார்கள். நீக்கிய இடத்திலிருந்து வாய்வரை உள்ள சிறு துண்டுக் குழாயில் காவல் இல்லை. ரஷ்யர்கள் தங்கள் பக்கத்தில் வெள்ளியைக் காவலுக்கு வைக்கிறார்கள், அதைக் குடிக்கலாம். ஆனால் வெள்ளி, தொட்டியின் உலோகச் சுவரில் மெல்லப் படிந்து நீரிலிருந்து மறைந்துபோகிறது. இரண்டு நீரையும் கலக்கவும் வழியில்லை. வெள்ளியும் அயோடினும் சேர்ந்தால் வண்டலாகப் படியும். நிலவுக்குப் போன அப்போலோ வீரர்கள் குளோரினைத் தாங்களே ஊசிவழியாக நீரில் செலுத்தினார்கள். சில நாள் பயணத்துக்கு அது சரி. செவ்வாய்க்குப் போய்த் திரும்ப இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலத்துக்கு மருந்தைச் சுமப்பதைவிட மின்சாரத்திலிருந்தே காவலை உண்டாக்கினால் நல்லது. சூரியப் பலகை இருக்கும்வரை ஒளி தீராது.

பழைய விளக்கை அப்படியே அனுப்ப முடியாது. அதற்குள் பாதரசம் இருக்கிறது. பூமியில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெருக்கித் தள்ளலாம். அங்கே திறக்க ஜன்னல் இல்லை. சொட்டு தரையில் விழாது, காற்றில் மிதக்கும், அலுமினியத்தில் பட்டால் அதை அரிக்கும். அதனால் புற ஊதா எல்.இ.டி.யை நம்புகிறார்கள். நீல எல்.இ.டி.க்காக 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் நோபல் பெற்றார்களே, அந்தக் காலியம் நைட்ரைடு குடும்பத்தில் அலுமினியம் சேர்த்தால் ஒளி இன்னும் கூர்மையாகி 265 நானோமீட்டர் பக்கம் வந்துவிடும். அரிசியளவுச் சில்லு. போட்ட மறுகணம் எரியும், கண்ணாடி இல்லை, பாதரசம் இல்லை. கொடுக்கும் மின்சாரத்தில் சில சதவீதம்தான் ஒளியாகிறது, மிச்சமெல்லாம் சூடு என்பது அதன் குறை.

எடையின்மை வேறு தொந்தரவு தருகிறது. குமிழிகள் மேலே ஏறாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒளியைச் சிதறடித்துக் கிருமிக்கு நிழல் கொடுக்கும். சூடான நீர் தானாக மேலே போகாது என்பதால் சில்லைக் குளிரவைப்பதும் கஷ்டம். இவற்றைவிடப் பெரிய கேள்வி, ஆள் இல்லாத மாதங்கள். நிலவை ஒட்டிய நிலையத்திலோ செவ்வாய்க்கலத்திலோ பல மாதம் யாரும் இல்லாமல் நீர் குழாயிலேயே தேங்கி நிற்கக்கூடும். ஓடாத நீர் விளக்கிடம் வராது. சுவரில் படலம் வளரும். இதற்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் ஒரு வழி தேடுகிறார்கள். பக்கவாட்டில் ஒளி கசியும் மெல்லிய ஒளிநாரைக் குழாய்க்குள்ளேயே செலுத்தி, எல்.இ.டி.யின் ஒளியை நீளநெடுகக் கொண்டுபோவது. நீர் விளக்கிடம் வராவிட்டால் விளக்கு நீரிடம் போகட்டும் என்பது யோசனை. மர்சேய்க் காலத்துப் பலவீனத்துக்கு எனக்குத் தெரிந்து நேருக்கு நேர் பதில் சொல்லும் முயற்சி இதுதான். 2035-ல் இந்தியா தன் சொந்த விண்வெளி நிலையத்தை இயங்கவைக்கத் திட்டமிட்டிருக்கிறது. அங்கே நீரைக் காக்கும் வேலையும் நம் பொறியாளர்களின் கைக்கு வரும்.

இனி ஊருக்குத் திரும்பலாம்.

மறுசுழற்சி நீர் என்றால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். கடைமடைக்காரர்களுக்கு அப்படிச் சுளிக்க உரிமை இல்லை. மேட்டூரில் திறக்கும் நீர் ஈரோட்டையும் கரூரையும் திருச்சியையும் தாண்டி, அரசலாறாகப் பிரிந்து கும்பகோணத்தைக் கடந்து, காரைக்காலில் கடலைச் சேர்கிறது. வழியில் எத்தனை சாயப்பட்டறை, எத்தனை சாக்கடை. காவிரித் தீர்ப்பில் காரைக்காலுக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீர், மேலே உள்ளவர்கள் எல்லாம் பயன்படுத்திக் கழித்த பின் வரும் நீர். குடிக்க நாம் ஆழ்துளைக் கிணறுகளை நம்புகிறோம். அங்கும் கடல் உவர் ஏறுகிறது. விண்வெளிக்காரர்கள் தாங்கள் குடிப்பது பயன்படுத்திய நீர் என்று தெரிந்து அதற்கேற்ற காவலோடு குடிக்கிறார்கள். நாம் தெரியாததுபோல் குடிக்கிறோம்.

2022 ஜூலை 3 அன்று புதுச்சேரி சுகாதாரத் துறை காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. வயிற்றுப்போக்கோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள்; காலரா உறுதியானது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. கொதிக்கவைத்து ஆறின நீரையே குடிக்கச் சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பில் 2 லட்சம் பேர் வாழ்ந்த, 160 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள சின்ன ஊர், 21-ஆம் நூற்றாண்டில் காலராவுக்குப் பயந்து பள்ளியை மூடியது. நம் ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்பது பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது. வராத நேரத்தில் குழாய் காலி. பக்கத்திலேயே சாக்கடை. காலிக் குழாயின் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டு மோட்டாரை நேரடியாகத் தெருக்குழாயில் மாட்டி உறிஞ்சினால் இன்னும் வேகமாக இழுக்கும்.

இந்த நிலையில் சமையலறை விளக்கு வீட்டைக் காக்கும். ஆனால் பல் தேய்க்கும் குழாய், பாத்திரம் கழுவும் குழாய், குழந்தை குளிக்கும்போது வாயில் போகும் நீர் எதுவும் அந்த விளக்கைக் கடப்பதில்லை. விளக்கே ஒழுங்காக இருக்கிறதா என்பதும் சந்தேகம். எங்கள் வீட்டுப் பெட்டியைச் சர்வீஸ் செய்ய வந்த தம்பி உருளையிலிருந்து குவார்ட்ஸ் உறையை உருவியபோது பார்த்தேன். கண்ணாடி என்றே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக உப்பு, நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. அதுவரை உள்ளே விளக்கு நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது, முகப்பில் பச்சை விளக்கும் எரிந்தது. கிருமியைக் கொல்லும் ஒளி மட்டும் தண்ணீருக்குள் போகவில்லை. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்த பிறகுதான் உறை தெளிந்தது. நம் கடற்கரை நீரின் கடினத்தன்மைக்கு இது சீக்கிரமே திரும்ப வரும் என்றார் அவர். நாம் பார்க்கும் நீலம் வேறு, கொல்லும் கதிர் வேறு. ஓராண்டு எரிந்த விளக்கு கண்ணுக்குப் பழையபடியே தெரியும்; அதன் கொல்லும் வலிமை இறங்கிப்போயிருக்கும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் அடைக்கும் ஆலைகளிலும் இதே விளக்குதான், இதே உறைதான்.

ஆகவே வீட்டில் விளக்கு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எரிகிறதே என்று விடாமல் ஆண்டுக்கொருமுறை விளக்கை மாற்றுங்கள். சில மாதத்துக்கொருமுறை உறையைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். சுத்திகரித்த நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து அன்றன்றே குடித்துவிடுங்கள். தெருக்குழாயில் மோட்டார் மாட்டாதீர்கள். விளக்கு வாங்க முடியாத வீடுகளுக்குக் குழாய் நீரோடு கூடவே வரும் காவல் குளோரின்தான். குழாயடியில் பிடித்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. சோதனைக் குப்பியில் நீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். ஒரு நிமிட வேலை. உங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் அந்த மஞ்சள் வரவில்லை என்றால் அன்றே கொம்யூன் அலுவலகத்திலும் பொதுப்பணித் துறையிலும் எழுதிக் கொடுங்கள்.